உங்களுக்குத் தெரியுமா? ஒரு சளியும் தளரும் தசைகளும்

இந்த முறை எல்லாத் துணுக்குகளும் ஒரே நோயைச் சுற்றித்தான். பெயர் மயஸ்தீனியா கிராவிஸ். காலையில் நன்றாக எழுந்து வருபவருக்கு மாலையில் கண்ணிமை சரியும். நாலு வாய் சாப்பிடுவதற்குள் தாடை ஓய்ந்துபோகும். பேசப் பேசக் குரல் மூக்கால் வரத் தொடங்கும். சற்றுப் படுத்து எழுந்தால் பழையபடி ஆகிவிடும். அதனாலேயே பல வீடுகளில் இதற்குச் சோம்பேறித்தனம், நடிப்பு, மனக்கோளாறு என்றெல்லாம் பெயர். இந்த நோய் உள்ளவரை ஒரு வைரஸ் காய்ச்சல் பிடித்தால் என்ன ஆகும்?

★ கோளாறு தசையில் இல்லை, நரம்பிலும் இல்லை. இரண்டும் சந்திக்கும் இடத்தில் இருக்கிறது. நரம்பு முனையிலிருந்து அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் கசிந்து, தசையின் மேல் இருக்கும் ஏற்பிகளில் ஒட்டினால்தான் தசை சுருங்கும். மயஸ்தீனியாவில் உடலின் எதிர்ப்பு மண்டலமே அந்த ஏற்பிகளைப் பகையாக நினைத்து எதிர்ப்பொருள் தயாரிக்கிறது. ஏற்பிகள் அடைபடுகின்றன, அழிகின்றன. உடல் முழுக்கப் பரவிய வகை உள்ளவர்களில் சுமார் 85 சதவீதம் பேரின் இரத்தத்தில் இந்த எதிர்ப்பொருள் இருக்கும். வேறு சிலருக்கு ‘மஸ்க்’ என்ற புரதத்தின் மீது தாக்குதல் நடக்கும். அது தெரியவந்ததே 2001-இல்தான்.

★ “எதிர்ப்பு சக்தி குறைச்சல், அதுதான் அடிக்கடி படுத்துக்கொள்கிறார்” என்று உறவினர்கள் சொல்வது பாதிதான் சரி. நோயின் வேர் எதிர்ப்பு சக்தி குறைந்ததில் இல்லை, தவறான திசையில் பாய்வதில் இருக்கிறது. அதை அடக்கத்தான் ஸ்டீராய்டு, அசதியோப்ரின், மைக்கோஃபினோலேட் போன்ற மருந்துகள். அவை அடக்கும்போது கிருமியோடு போராடும் பலமும் சேர்ந்தே குறையும். ஆக, மயஸ்தீனியாக்காரர் வைரஸிடம் இரண்டு பக்கமும் அடி வாங்குகிறார்: நோயைக் கிளறிவிடுவது தொற்று, தொற்றுக்குக் கதவு திறப்பது நோய்க்கான மருந்து. ‘எதிர்ப்பு சக்தியைக் கூட்டும்’ என்று விளம்பரம் செய்யும் பொடிகளையும் குளிகைகளையும் அன்போடு வாங்கிக் கொடுப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். திசைமாறி ஓடும் ஒன்றை மேலும் வேகமாக ஓடச் சொல்வதில் என்ன பயன்?

★ மூச்சுத் தசைகள் தளர்ந்து, வென்டிலேட்டர் தேவைப்படும் நிலைக்கு மயஸ்தீனியா நெருக்கடி என்று பெயர். நோயாளிகளில் சுமார் 15 முதல் 20 சதவீதம் பேர் வாழ்நாளில் ஒரு முறையாவது அதைச் சந்திக்கிறார்கள். பெரும்பாலும் நோய் தொடங்கிய முதல் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள். தூண்டும் காரணங்களில் முதலிடம் தொற்றுக்கு, அதிலும் சளி, ஃப்ளூ, நிமோனியா போன்ற சுவாசத் தொற்றுக்கு. அறுவை சிகிச்சை, பிரசவம், ஒவ்வாத மருந்து, சிகிச்சையை நிறுத்துவது எல்லாம் அடுத்த வரிசை. எந்தக் காரணமும் பிடிபடாத நெருக்கடிகளும் கணிசம்.

★ ஒரு சளி எப்படி இவ்வளவு தூரம் போகிறது?

முதல் காரணம் வெப்பம். உடல் சூடு ஏறும்போது ஏற்பியின் வாசல் திறந்திருக்கும் நேரம் குறைகிறது, அசிட்டைல்கோலினைச் சிதைக்கும் நொதியும் சுறுசுறுப்பாகிறது. ஏற்பிகள் நிறைய இருக்கும் நம் உடலில் இந்தச் சிறு நட்டம் தெரியாது. அவர்களிடம் மிச்சம் ஏதும் இல்லாததால் உடனே தெரிந்துவிடும்.

இரண்டாவது காரணம் இருமல், அதாவது இருமலின் பலவீனம். சளியை வெளியே தள்ள வயிறு, மார்பு, தொண்டைத் தசைகள் ஒரே நேரத்தில் பலமாக இயங்க வேண்டும். அவை தளர்ந்திருந்தால் சளி உள்ளேயே தேங்கும். விழுங்கும் தசையும் தளர்ந்திருந்தால் எச்சிலும் கஞ்சியும் மூச்சுக்குழாய்க்குள் இறங்கும். வைரஸ் தொடங்கி வைத்ததை பாக்டீரியா நிமோனியா வந்து முடித்து வைப்பது இந்த வழியில்தான்.

மூன்றாவது காரணம்தான் விசித்திரமானது. வைரஸ் நுழைந்தவுடன் உடல் இன்டர்ஃபெரான் என்ற போர் முழக்கத்தை எழுப்புகிறது. எதிர்ப்பு மண்டலம் முழுவதும் விழித்துக்கொள்ளும்போது, தூங்கிக்கொண்டிருந்த தவறான எதிர்ப்பும் சேர்ந்து விழிக்கிறது. இது வெறும் ஊகம் இல்லை. ஹெபடைடிஸ்-சி வைரஸுக்கு மருந்தாக இன்டர்ஃபெரான் ஊசி போட்ட காலத்தில், அதற்கு முன் எந்தத் தசைத் தளர்ச்சியும் இல்லாத சிலருக்கு மயஸ்தீனியா தொடங்கியது மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கிறது.

★ சூடு கெடுக்கும் என்றால் குளிர்ச்சி உதவுமா? உதவும். சரிந்த இமையை மூடச் சொல்லி அதன் மேல் ஐஸ் கட்டியை 2 நிமிடம் வைத்து எடுக்கிறார்கள். இமை 2 மில்லிமீட்டராவது மேலே ஏறினால் மயஸ்தீனியா என்று சந்தேகிக்க வலுவான காரணம் கிடைத்துவிடும். இத்தனை மலிவான பரிசோதனை நரம்பியலில் வேறு இருப்பதாகத் தெரியவில்லை. சித்திரை வெயிலில் வாடிப்போகிறவர்கள், வெந்நீரில் குளித்துவிட்டு வந்து தள்ளாடுகிறவர்கள், காய்ச்சல் நாளில் எழுந்திருக்கவே முடியாதவர்கள் எல்லோருக்கும் இதே கணக்குத்தான்.

★ 1672-இல் இங்கிலாந்து மருத்துவர் தாமஸ் வில்லிஸ் ஒரு பெண்ணைப் பற்றி எழுதியிருக்கிறார். காலையில் சரளமாகப் பேசுவாள்; நெடுநேரம் பேசினால் நாக்கு ஓய்ந்து ஒரு சொல்லும் வராது; ஓரிரு மணி நேரம் கழித்துத்தான் குரல் திரும்பும். மயஸ்தீனியாவின் முதல் மருத்துவக் குறிப்பாகப் பலரும் இதையே சொல்கிறார்கள். நோய்க்கு இன்றைய பெயரைச் சூட்டியவர் பெர்லின் மருத்துவர் ஃபிரீட்ரிக் யோலி, 1895-இல்.

★ கிரேக்கக் கப்பல் அதிபர் அரிஸ்டாட்டில் ஒனாசிஸுக்கு இந்த நோய் இருந்தது. கடைசிக் காலத்தில் சரிந்து விழும் இமைகளை டேப் ஒட்டித் தூக்கி வைத்திருந்தார். 1975 மார்ச்சில் பாரிஸ் அருகே அவர் உயிரைப் பறித்தது நிமோனியா. உலகப் பணக்காரர்களில் ஒருவராலேயே நுரையீரல் தொற்றைத் தாண்ட முடியவில்லை.

★ நம் நாட்டில் இந்த நோயின் பெயரைப் பலரும் முதலில் கேட்டது அமிதாப் பச்சன் மூலம். 1982-இல் பெங்களூருவில் ‘கூலி’ படப்பிடிப்பில் (ரஜினி படம் இல்லை, இந்திப் படம்) அடிபட்டுப் பிழைத்து வந்தவருக்கு, சில ஆண்டுகளில் மயஸ்தீனியா கண்டறியப்பட்டது. அவரே வெளிப்படையாகச் சொன்னது இது. 2020 ஜூலையில், 77 வயதில், கொரோனா தொற்றோடு மும்பை மருத்துவமனையில் சேர்ந்து, ஆகஸ்ட் தொடக்கத்தில் வீடு திரும்பினார். நோய் கட்டுக்குள் இருப்பவர் வைரஸைத் தாண்டி வர முடியும் என்பதற்கு அவர் கண்ணுக்குத் தெரிந்த உதாரணம்.

★ நெருக்கடியில் சிக்கிய மயஸ்தீனியாக்காரரைக் காப்பாற்றும் தீவிர சிகிச்சைப் பிரிவு பிறந்ததே ஒரு வைரஸால்தான் தெரியுமா?

1952 கோடையில் டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரை இளம்பிள்ளைவாதம் தாக்கியது. பிளெக்டாம் மருத்துவமனையில் இருந்ததோ விரல் விட்டு எண்ணக்கூடிய சுவாச இயந்திரங்கள். முதல் மூன்று வாரங்களில் மூச்சுத் தசை முடங்கிய 31 பேரில் 27 பேர் இறந்தார்கள். அப்போது அழைக்கப்பட்ட மயக்க மருந்து நிபுணர் பியோர்ன் இப்சன், தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்து, ரப்பர் பையைக் கையால் அமுக்கிக் காற்றை உள்ளே செலுத்தச் சொன்னார். ஒருவருக்கு ஒரு நாள் முழுக்க அமுக்க வேண்டும். நிறுத்தினால் உயிர் போய்விடும். சுமார் 1,500 மருத்துவ மாணவர்கள் முறை வைத்துக் கட்டிலருகே உட்கார்ந்து மாதக்கணக்கில் அமுக்கினார்கள். சாவு விகிதம் பாதிக்கும் கீழே இறங்கியது. மறு ஆண்டே இப்சன் தனியாக ஒரு தீவிர சிகிச்சைப் பிரிவைத் தொடங்கினார்.

மயஸ்தீனியா நெருக்கடியில் பாதிக்கு மேற்பட்டவர்கள் இறந்த காலம் உண்டு. இன்று வசதியுள்ள மருத்துவமனைகளில் நூற்றுக்குச் சுமார் ஐந்து பேர். மருந்துகள் மேம்பட்டதும் காரணம்தான், ஆனால் பெரும் பங்கு அந்த மாணவர்களின் கைகளுக்கே என்பேன்.

★ கட்டுவிரியன் கடித்தவருக்கும் முதலில் இமைதான் சரியும். பிறகு விழுங்க முடியாது, அப்புறம் மூச்சு. மயஸ்தீனியாவோடு இந்த ஒற்றுமை தற்செயல் இல்லை, இரண்டிலும் தாக்குதல் அதே சந்திப்பில்தான். தைவானில் வாழும் கட்டுவிரியன் இனம் ஒன்றின் நஞ்சிலிருந்து 1963-இல் ஆல்ஃபா பங்காரோடாக்சின் என்ற புரதத்தைப் பிரித்தார்கள். அது அசிட்டைல்கோலின் ஏற்பியைப் பிடித்தால் எளிதில் விடாது. அதை ஏற்பிகளை எண்ணும் கருவியாக்கி, நோயாளிகளின் தசையில் ஏற்பிகள் மிகவும் குறைந்திருப்பதை 1973-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் காட்டினார்கள். எதிர்ப்பொருளைக் கண்டுபிடிக்கும் இரத்தப் பரிசோதனையிலும் இந்தப் பாம்பு நஞ்சு பயன்பட்டு வருகிறது.

★ அதே 1973-இல் கலிஃபோர்னியாவின் சால்க் ஆய்வகத்தில் இன்னொரு பிராணி உதவியது. மின்விலாங்கிலிருந்து எடுத்த ஏற்பியை ஜிம் பேட்ரிக்கும் ஜான் லிண்ட்ஸ்ட்ராமும் முயல்களுக்கு ஊசியாகப் போட்டார்கள். அவர்களுக்குத் தேவைப்பட்டது ஆய்வுக்கான எதிர்ப்பொருள் மட்டுமே. முயல்களோ தலை தொங்கி, கால் துவண்டு விழுந்தன. மயஸ்தீனியா மருந்தைக் கொடுத்ததும் எழுந்தன. இது தன்னைத் தானே தாக்கும் நோயாக இருக்கலாம் என்று 1960-இல் ஸ்காட்லாந்து மருத்துவர் ஜான் சிம்ப்சன் சொன்னது, முயல் கூண்டில் நிரூபணமானது.

★ முதல் பயனுள்ள மருந்து கிடைத்தது 1934-இல், லண்டன் கிரீனிச் பகுதி மருத்துவமனையில் பணியாற்றிய மேரி வாக்கரால். அம்பு நுனியில் தடவும் குராரே நஞ்சுக்கும் இந்த நோய்க்கும் உள்ள ஒற்றுமையைக் கவனித்து, குராரேக்கு முறிமருந்தான ஃபைசோஸ்டிக்மினை ஒரு நோயாளிக்கு ஊசியாகப் போட்டார். சிறிது நேரத்தில் இமை உயர்ந்தது. இந்த மருந்து நைஜீரியாவின் காலபார் அவரையிலிருந்து வருவது. குற்றவாளியா இல்லையா என்று சோதிக்க ஊர்க்காரர்கள் தின்னக் கொடுத்த விஷ விதை அது. இன்று வீட்டில் வைத்து விழுங்கும் பைரிடோஸ்டிக்மின் மாத்திரை இதன் வாரிசு.

★ அந்த மாத்திரையில் ஒரு சிக்கல், சளிக் காலத்தில்தான் தலைகாட்டும். பைரிடோஸ்டிக்மின் தசைக்கு வலு தருவதோடு எச்சிலையும் மூச்சுக்குழாய்ச் சுரப்பையும் கூட்டும். ஏற்கனவே சளி கட்டியிருப்பவர், தளர்ச்சி அதிகமாகிறதே என்று தாமாகவே கூடுதல் மாத்திரை போட்டால் தொண்டை நிறையச் சளி, வயிற்றுப்போக்கு, தசைத் துடிப்பு, முடிவில் இன்னும் அதிகத் தளர்ச்சி. அளவு மீறினால் மருந்தே நெருக்கடியை உண்டாக்கும். தளர்ச்சி கூடினால் போக வேண்டிய இடம் மருத்துவமனை, மாத்திரை டப்பா இல்லை.

★ ஸ்டீராய்டை மாதக்கணக்கில் சாப்பிட்டு வருபவர் காய்ச்சல் வந்ததும், “எதிர்ப்பு சக்தியைக் குறைக்கிற மருந்தாச்சே” என்று தாமாக நிறுத்துவது பேராபத்து. நெடுநாள் ஸ்டீராய்டால் அட்ரினல் சுரப்பி உறங்கிப் போயிருக்கும். திடீரென்று நிறுத்தினால் இரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். காய்ச்சல் காலத்தில் மருத்துவர் அளவைக் கூட்டவும் செய்வார். இன்னொன்று: புதிதாக அதிக அளவில் தொடங்கும்போது முதல் இரண்டு வாரங்களில் சிலருக்குத் தளர்ச்சி தற்காலிகமாகக் கூடுவது உண்டு.

★ கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு வாங்கிய பல்ஸ் ஆக்சிமீட்டர் இந்த நோயில் நம்மை ஏமாற்றிவிடும்.

நுரையீரல் கெட்டுப்போனால் ஆக்சிஜன் முதலிலேயே இறங்கும், கருவி காட்டிக்கொடுக்கும். இங்கே நுரையீரல் நன்றாகவே இருக்கலாம், அதை விரித்துச் சுருக்கும் தசைதான் ஓய்கிறது. அப்போது முதலில் தேங்குவது கரியமில வாயு. அதை விரலில் மாட்டும் கருவி அளக்காது. திரையில் 97, 98 என்று நிம்மதியாக எண் ஓடிக்கொண்டிருக்கும்போதே நோயாளி களைத்துக்கொண்டிருப்பார். எண் சரியும் நேரத்தில் தாமதம் ஆகிவிட்டது என்று பொருள். அதுவும், இந்த நோயில் மூச்சுத் திணறுபவர் முகத்தில் திணறலே தெரியாது. முகத் தசையும் தளர்ந்திருப்பதால் அமைதியாக, தூக்கக் கலக்கத்தில் இருப்பவர் போலத்தான் தோன்றுவார். எனக்குத் தெரிந்து இந்த நோயில் வீட்டாருக்குச் சொல்ல வேண்டிய மிக முக்கியமான தகவல் இதுதான்.

★ அப்படியானால் வீட்டில் எதைப் பார்ப்பது? மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுகிறதா? ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் நடுவில் மூச்சு வாங்குகிறாரா? தலை நிற்காமல் கையால் முட்டுக் கொடுக்கிறாரா? தண்ணீர் குடித்தால் மூக்கு வழியே வருகிறதா? இருமல் சத்தம் சன்னமாகிவிட்டதா? இதில் ஒன்று புதிதாக வந்தாலும் விடியும் வரை காத்திருக்கக் கூடாது.

இன்னொரு எளிய சோதனை உண்டு. நன்றாக மூச்சை இழுத்து, சடுகுடு பாடுகிறவரைப் போல ஒரே மூச்சில் எண்ணச் சொல்ல வேண்டும், விநாடிக்கு இரண்டு எண் வேகத்தில். ஆரோக்கியமானவர் 50 வரை போய்விடுவார். 20-ஐத் தொட முடியாவிட்டால் மூச்சுத் தசை ஆபத்தான அளவு தளர்ந்துவிட்டது. தமிழில் எண்ணுவதா ஆங்கிலத்தில் எண்ணுவதா என்று கேட்பவர்கள் உண்டு; ‘இருபத்தேழு’ சொல்ல ஆகும் நேரம் வேறு, ‘ஏழு’ சொல்ல ஆகும் நேரம் வேறு. எந்த மொழியானாலும் தினமும் அதே மொழி, அதே வேகம். நேற்று 40 இன்று 25 என்றால், அந்த வித்தியாசம்தான் செய்தி. மருத்துவமனையில் இதையே ஸ்பைரோமெட்ரி கருவியில் துல்லியமாக அளப்பார்கள்.

★ சளிக்கு மருந்துக்கடையில் வாங்கும் ஆன்டிபயாடிக், வைரஸை ஒன்றும் செய்யாது. அது எல்லோருக்கும் பொருந்தும் விஷயம். மயஸ்தீனியாக்காரருக்கோ அந்த மாத்திரை அட்டையே ஆபத்து. கடைகளில் அதிகம் புழங்கும் அசித்ரோமைசின், சிப்ரோஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின் ஆகியவை நரம்பு-தசைச் சந்திப்பைத் தளர்த்தக்கூடியவை. இவற்றில் கடைசி இரண்டும் சேர்ந்த ஃப்ளோரோகுவினலோன் குடும்ப மருந்துகள் மயஸ்தீனியாவை மோசமாக்கலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2011-இல் கருப்புக் கட்டம் போட்ட எச்சரிக்கையையே அச்சிட வைத்தது. டெலித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கை இந்த நோயாளிகளுக்குக் கொடுக்கவே கூடாது என்று 2007-இல் சொல்லிவிட்டார்கள். ஜென்டாமைசின், அமிகாசின் ஊசிகளும் இந்தப் பட்டியலில்தான். இரத்தக் குழாய் வழி ஏற்றும் மெக்னீசியம், சில பீட்டா-பிளாக்கர் மாத்திரைகள், கண் அழுத்தத்துக்கான டிமோலால் சொட்டு, சுருக்கம் நீக்கும் போடாக்ஸ், மலேரியாவுக்கான குவினைன் எல்லாம் சேரும். உயிர் காக்க வேறு வழியில்லாதபோது மருத்துவர்கள் இவற்றில் சிலவற்றைக் கண்காணிப்போடு தருவதுண்டு. கண்காணிப்பு இல்லாமல் கவுண்டரில் வாங்குவதுதான் பிரச்சினை. நிஜமாகவே பாக்டீரியா தொற்று என்றால் பென்சிலின், செஃபலோஸ்போரின் வகைகள் பொதுவாகத் தொல்லை தருவதில்லை. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போதும். தூக்கம் வரவைக்கும் இருமல் சிரப்பும் தூக்க மாத்திரையும் வேண்டாம்; ஏற்கனவே ஓய்ந்த மூச்சை அவை மேலும் அமுக்கும்.

★ 2020-ஐ நினைத்துப் பாருங்கள். கொரோனாவுக்கு உலகமே நம்பிக் கொடுத்த முதல் ஜோடி ஹைட்ராக்ஸிகுளோரோகுவின், அசித்ரோமைசின். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சுகாதாரப் பணியாளர்களுக்கு ஹைட்ராக்ஸிகுளோரோகுவினை முன்தடுப்பாகப் பரிந்துரைத்தது அந்த மார்ச்சில்தான். மயஸ்தீனியாவில் எச்சரிக்கையோடு அணுக வேண்டிய இரண்டு மருந்துகள் ஒரே சீட்டில்! கொரோனாவுக்கு அவற்றால் பலனில்லை என்பது பிறகு தெரிந்தது.

★ அந்த முதல் ஆண்டில் பல நாட்டு மருத்துவர்கள் கேர்-எம்ஜி என்ற பொதுப் பதிவேட்டில், கொரோனா தொற்றிய தங்கள் மயஸ்தீனியா நோயாளிகளைச் சேர்த்தார்கள். ‘லான்செட் நியூராலஜி’ 2020-இல் வெளியிட்ட முதல் கணக்கில் 91 பேர். அவர்களில் 36 பேருக்கு, அதாவது 40 சதவீதத்துக்கு, நோய் முற்றியோ நெருக்கடியாகவோ அவசர சிகிச்சை தேவைப்பட்டது. 22 பேர் இறந்தார்கள். எண் அச்சுறுத்துகிறது. ஆனால் இதில் பதிவானவர்கள் பெரும்பாலும் மருத்துவமனை வரை வந்தவர்கள். வீட்டிலேயே இருமிக் குணமானவர்கள் கணக்கில் ஏறவில்லை. தடுப்பூசி வந்த பிறகு, ஒமைக்ரான் காலத்தில், நிலைமை வெகுவாக இலகுவானது.

★ இருக்கிற நோயைக் கிளறுவது ஒரு பக்கம். வைரஸ் மயஸ்தீனியாவைப் புதிதாகத் தொடங்கி வைக்குமா? 2020-இல் இத்தாலிய மருத்துவர்கள் மூன்று பேரைப் பற்றி எழுதினார்கள். முன்பு எந்த நரம்பு நோயும் இல்லாதவர்கள். கொரோனா காய்ச்சல் தொடங்கி 5 முதல் 7 நாட்களில் மயஸ்தீனியா அறிகுறிகள். இரத்தத்தில் ஏற்பி எதிர்ப்பொருளும் இருந்தது. இத்தனை குறைந்த நாட்களில் உடல் புதிதாக எதிர்ப்பொருள் உண்டாக்கியிருக்குமா, முன்பே மறைந்திருந்ததை வைரஸ் வெளிக்கொண்டு வந்ததா என்ற சந்தேகம் நியாயமானதுதான். கொசுவால் பரவும் வெஸ்ட் நைல் வைரஸுக்குப் பின் 3 முதல் 7 மாதங்கள் கழித்து மயஸ்தீனியா வந்த ஆறு பேரை அமெரிக்காவின் மிசிசிப்பி மருத்துவர்கள் 2014-இல் பதிவு செய்தார்கள். ஜிகா வைரஸுக்குப் பின்னும் அறிக்கைகள் உண்டு. கோடிக்கணக்கானவர்களுக்கு வந்துபோகும் வைரஸ்களோடு ஒப்பிட்டால் இவை மிகச் சில.

★ மார்பெலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பியில்தான் இந்த நோயின் முடிச்சு இருப்பதாக நிபுணர்கள் நினைக்கிறார்கள். நோயாளிகளில் சுமார் 10 முதல் 15 சதவீதம் பேருக்கு அதில் கட்டி இருக்கும். இன்னும் நிறையப் பேருக்கு வீங்கியிருக்கும். மிலான் நகர ஆய்வாளர்கள் 2010-இல், நோயாளிகளின் தைமஸில் எப்ஸ்டீன்-பார் வைரஸின் தடயம் இருப்பதாகச் சொன்னபோது பெரும் பரபரப்பு. அடுத்த இரண்டு ஆண்டுகளில் வேறு ஆய்வகங்கள் தேடிப் பார்த்து, எங்களுக்குக் கிடைக்கவில்லை என்றன. பாரிஸ் ஆய்வாளர்கள் வேறு வழியில் போனார்கள்: வைரஸ் வந்தது போன்ற போலிச் சமிக்ஞையைத் தைமஸ் உயிரணுக்களுக்குக் கொடுத்தபோது, இன்டர்ஃபெரான் சுரந்து, அங்கே அசிட்டைல்கோலின் ஏற்பியின் உற்பத்தி கூடியது. வைரஸ் போன பிறகும் அது விட்டுச்சென்ற பழக்கம் தங்கிவிடுகிறது என்ற ஊகத்துக்கு இது வலுச்சேர்க்கிறது. வழக்கு இன்னும் முடியவில்லை. தைமஸை அகற்றினால் பலன் உண்டு என்பது மட்டும் 126 பேரிடம் நடந்த சர்வதேச ஆய்வில் 2016-இல் உறுதியானது.

★ குய்லான்-பாரே என்பது இதன் ஒன்றுவிட்ட சகோதரன். அங்கே தாக்கப்படுவது நரம்பு. தொற்று வந்துபோய் ஓரிரு வாரம் கழித்துக் கால் தளர்ந்து, தளர்ச்சி மேலே ஏறும். பாதிக்கப்பட்டவர்களில் மூன்றில் இரண்டு பேருக்கு முன்னதாகச் சளியோ வயிற்றுப்போக்கோ வந்திருக்கும். 2013-14-இல் பிரெஞ்சு பாலினேசியத் தீவுகளில் ஜிகா பரவியபோது 42 பேருக்கு இது வந்தது. 2025 தொடக்கத்தில் புனேயில் 200-க்கும் மேற்பட்டோரிடம் சந்தேகிக்கப்பட்டதும் இதுதான்; அங்கே முக்கியக் குற்றவாளி அசுத்தத் தண்ணீரில் வந்த பாக்டீரியா. பெரும்பாலோருக்கு ஒரே முறை வந்து போகும். மயஸ்தீனியா வந்தால் தங்கும்.

★ நெருக்கடிக்கு இரண்டு அவசர சிகிச்சைகள். ஒன்று, இரத்தத்தின் பிளாஸ்மாவை எடுத்துவிட்டு மாற்று ஏற்றுவது; லண்டன் மருத்துவர்கள் மயஸ்தீனியாவுக்கு இதை 1976-இல் முயன்று காட்டினார்கள். இன்னொன்று ஐ.வி.ஐ.ஜி. ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆரோக்கியமானவர்களின் பிளாஸ்மாவிலிருந்து திரட்டிய எதிர்ப்பொருள் அது. வழக்கமான அளவு உடல் எடையில் கிலோவுக்கு 2 கிராம். 60 கிலோ ஆளுக்கு 120 கிராம். விலை தலைசுற்ற வைக்கும். ஒரு வேடிக்கை: யார் யாருக்கோ வந்துபோன வைரஸ்களின் எதிர்ப்பொருளும் அதில் சேர்ந்து வரும். ஏற்றிய பிறகு சில வாரங்கள் இரத்தப் பரிசோதனை செய்தால், வராத நோயெல்லாம் வந்துபோனதாக முடிவு காட்டலாம்.

★ தடுப்பூசி போட்டால் மயஸ்தீனியா கிளர்ந்துவிடுமோ என்று பயப்படுகிறவர்கள் அதிகம். கனடாவின் ஒன்டாரியோவில் மருத்துவமனைக் கணக்குகளைப் புரட்டிப் பார்த்து 2009-இல் வெளியான ஆய்வு, ஃப்ளூ தடுப்பூசிக்கும் மயஸ்தீனியாவுக்காக மருத்துவமனையில் சேர்வதற்கும் தொடர்பில்லை என்றது. ஜெர்மனியில் 62 பேரிடம் நடந்த, யாருக்கு எந்த ஊசி என்று மறைத்துச் செய்த ஆய்வும் 2018-இல் அதையே சொன்னது. பயப்பட வேண்டியது ஃப்ளூவுக்குத்தான், ஊசிக்கு இல்லை. உயிருள்ள கிருமி இல்லாத ஃப்ளூ, நிமோகாக்கஸ், கொரோனா ஊசிகளைத் தாராளமாகப் போடலாம். எதிர்ப்பு அடக்கும் மருந்து எடுப்பவர்களுக்கு உயிருள்ள கிருமித் தடுப்பு மருந்துகளே கூடாது. ரிட்டுக்சிமாப் என்ற எதிர்ப்பு அடக்கும் மருந்தை ஏற்றப் போகிறவர்கள் முன்கூட்டியே ஊசியை முடித்துக்கொள்வது நல்லது, பின்னால் போட்டால் உடல் சரியாகப் பதில் கொடுக்காது. நோயாளியோடு வசிப்பவர்கள் ஆண்டுதோறும் ஃப்ளூ ஊசி போட்டுக்கொண்டால் அதுவும் அவருக்கான காப்பு.

★ ஆப்பிரிக்க நாடுகளுக்கு வேலைக்குப் போகிறவர்கள் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிக்காகச் சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டுக்குப் போவார்கள். மயஸ்தீனியா உள்ளவர்களும், தைமஸ் கட்டி இருந்தவர்களும் இந்த ஊசியைப் போடக் கூடாது. உயிருள்ள வைரஸ் உள்ள ஊசி இது; தைமஸ் கோளாறு உள்ளவர்களிடம் ஆபத்தான பின்விளைவு வர வாய்ப்பு அதிகம். மருத்துவ விலக்குச் சான்றிதழ் வாங்க வழியிருக்கிறது. பயண முகவர் சொல்ல மாட்டார்.

★ கடைசியாக ஒரு வேண்டுகோள், மருந்துக்கடை நண்பர்களுக்கும் வீட்டில் இந்த நோய் உள்ளவர்களுக்கும். சளிக்கு மாத்திரை கேட்டு வருபவரின் இமை சரிந்திருந்தாலோ, பேச்சு மூக்கால் வந்தாலோ, அட்டையைக் கிழித்துக் கொடுக்கும் முன் “வேறு ஏதாவது மருந்து சாப்பிடுகிறீர்களா?” என்று கேளுங்கள். நோயாளிகள் நோயின் பெயர், சாப்பிடும் மருந்துகள், தவிர்க்க வேண்டிய மருந்துகள், நரம்பியல் மருத்துவரின் தொலைபேசி எண் நான்கையும் ஒரு சீட்டில் எழுதிப் பர்ஸில் வைத்திருங்கள். அவசரப் பிரிவுக்குப் போகும் இரவில் உங்களுக்குப் பேச வராமல் போகலாம். அப்போது உங்களுக்காகப் பேச அந்தச் சீட்டு இருக்க வேண்டும்.